கோட்டுக்கு அகலம் கிடையாது: பெர்லினில் ஆறு நாள்

திங்கள்

மகள் பெர்லினுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. நான் ஓய்வு பெற்று, பென்ஷன் ஃபைல் ஒருவழியாக நகர்ந்து, விசாவும் கிடைத்து, இன்று மதியம்தான் வந்து இறங்கினோம். நானும் மனைவியும். பெட்டியில் பாதி என் முழங்கால் களிம்பும் மாத்திரையும், மீதி புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும்.

முப்பத்து நாலு வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் கோயில் கோபுரத்துக்கு முன்னால் சர்வே கல்தான் கண்ணில் படும். அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, இந்த நகரை 1989 வரை கிழக்கு மேற்கு என்று பிரித்து வைத்த சுவரைப் பற்றி: "சுவர் எங்கம்மா?"

"முதல்ல சாப்பிடுங்கப்பா. சாயங்காலம் நடந்தே போகலாம்."

இங்கே ஜூன் கடைசியில் சாயங்காலம் என்பது இரவு ஒன்பதரை வரை நீள்கிறது. மகள் இருப்பது வெட்டிங் என்ற பகுதி. பழைய மேற்கு பெர்லின், அதிலும் பிரெஞ்சுக்காரர் பொறுப்பில் இருந்த துண்டு. பத்து நிமிடம் நடந்திருப்போம். சிக்னல் இருந்த ஒரு தெருவைக் குறுக்கே கடந்ததும் நின்று, "இப்ப நீங்க கிழக்குல நிக்கிறீங்க" என்றாள்.

எப்போது தாண்டினோம் என்றே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். நடைபாதையை ஒட்டி, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும், துருப்பிடித்த இரும்புக் கம்பிகளை இடைவெளி விட்டு வரிசையாக நட்டிருக்கிறார்கள். சுவர் நின்ற இடமாம். நேராகப் பார்த்தால் கம்பிகளுக்கு நடுவே அந்தப் பக்கம் முழுவதும் தெரிகிறது. நாலு எட்டு தள்ளி நின்று சாய்வாகப் பார்த்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே சுவராகிவிடுகிறது. ஒரு பையன் சைக்கிளை மிதித்தபடியே இரண்டு கம்பிகளுக்கு இடையில் புகுந்து போனான்.

இன்னொன்றும் சொன்னாள். நகரத்தில் வழி தவறினால் தரையைப் பார்க்க வேண்டுமாம். டிராம் தண்டவாளம் தெரிந்தால் அது பெரும்பாலும் பழைய கிழக்கு. மேற்கில் 1967ல் டிராமை நிறுத்திவிட்டு பஸ்ஸும் சுரங்க ரயிலும் போதும் என்று இருந்துவிட்டார்கள். சுவர் விழுந்த பிறகு இரண்டு மூன்று தடங்களை மேற்குக்குள் நீட்டியிருப்பதால் இந்தச் சூத்திரம் இப்போது முழுக்கச் சரியில்லை. ஆனாலும் எனக்குப் பிடித்தது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. மகளின் கணினியில் பழைய வரைபடங்களைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். பார்த்ததை எழுதிவிட்டுப் படுக்கிறேன். 1920ல் சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் சேர்த்துப் பெர்லினை ஒரே பெரிய மாநகரமாக்கி, நிர்வாக வசதிக்காக 20 வட்டங்களாகப் பிரித்தார்கள். அந்தக் கோடுகளைப் போட்ட ஆளுக்கு குப்பை யார் அள்ளுவது, பள்ளிக்கூடம் யார் நடத்துவது என்பதற்கு மேல் கவலை இருந்திருக்காது. போர் முடிவதற்கு முன்பே, 1944ல், லண்டனில் உட்கார்ந்து நகரைப் பங்கு போட்டவர்கள் புதிதாக எதையும் அளக்கவில்லை. அந்த வட்ட எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். கிழக்கே 8 வட்டம் சோவியத்துக்கு. மேற்கே இருந்த 12 கடைசியில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூவருக்கும் போனது. நம் ஊரில் வார்டு எல்லை என்போமே, அதுதான் உலகத்தின் எல்லையாகிவிட்டது. நானும் இப்படி எத்தனை கோடு போட்டிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். தூக்கம் இன்னும் தள்ளிப் போனது.

செவ்வாய்

இன்று முழுக்க பெர்னவர் தெரு. நேற்று இருட்டும் நேரத்தில் பார்த்த அதே தெருதான். மகள் ஆபீஸ் போய்விட்டாள். நாங்கள் இருவர் மட்டும்.

இந்தத் தெருவில் கோடு வீடுகளின் முன்சுவரை ஒட்டியே ஓடியது. வீடு கிழக்கு, வாசலுக்கு வெளியே இருக்கும் நடைபாதை மேற்கு. நம் புலப்படத்தில் இப்படி வருவது சாதாரணம்தான். வீடு ஒரு கிராமத்தில், தெரு அடுத்த கிராமத்தில். வரி கட்டும் நாளைத் தவிர யாருக்கும் அது நினைவில் இருக்காது. 1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது இங்கே அது நினைவுக்கு வந்தது. தன் ஜனங்கள் மேற்கே ஓடிப்போவதை நிறுத்தக் கிழக்கு அரசாங்கம் எல்லையை அடைத்தது. முதலில் முள்கம்பி. அப்புறம் தெருவைப் பார்த்த வாசல்களை அடைத்தார்கள். பிறகு ஜன்னல்களைச் செங்கல் வைத்துப் பூசினார்கள். கீழ் மாடியிலிருந்து மேலே மேலே கொத்தனார்கள் ஏற ஏற, ஜனங்கள் அதற்கும் மேல்மாடியிலிருந்து குதித்தார்கள். கீழே மேற்கு பெர்லின் தீயணைப்புக்காரர்கள் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இடா சீக்மன் என்ற பெண்மணி ஆகஸ்ட் 22 அன்று மெத்தை தலையணைகளைக் கீழே போட்டுவிட்டு அவற்றின் மேல் குதித்தார். பிழைக்கவில்லை. மறுநாள் அவருக்கு 59வது பிறந்தநாள். சுவரால் போன முதல் உயிர் அவருடையது. செப்டம்பரில் 77 வயதுப் பாட்டி ஒருவர் ஜன்னலில் தொங்க, உள்ளே இருந்த கிழக்குக் காவலர்கள் கையைப் பிடித்து மேலே இழுக்க, வெளியே இருந்தவர்கள் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். கடைசியில் துணியில் விழுந்து பிழைத்தார். அந்தப் படம் இங்கே இருக்கிறது. என் மனைவி அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "அவங்க செருப்பு ஒண்ணு கழண்டிருக்குமே" என்றாள். பிறகு வேறு எதுவும் பேசவில்லை.

வீடுகளில் இருந்தவர்களைக் காலி செய்துவிட்டு, பின்னால் மேல்மாடிகளை இடித்தார்கள். கீழ்த்தளத்தின் முன்சுவர் மட்டும் பல வருடம் அப்படியே எல்லைச் சுவராக நின்றது. அதற்கும் பிறகு அச்சு வார்த்த கான்கிரீட் பலகைகள், மேலே கை பிடிக்க முடியாதபடி வழுக்கும் உருண்டைக் குழாய். எதிர்ப்புறம் இருக்கும் பார்வைக் கோபுரத்தில் ஏறி (முழங்கால் மன்னிக்கட்டும்) பார்த்தால், ஒரு துண்டை மட்டும் அப்போது இருந்தபடியே வைத்திருப்பது தெரிகிறது. முன்சுவர், சமன்படுத்திய மணல், விளக்குக் கம்பங்கள், காவல் கோபுரம், பின்சுவர்.

நான் துறையில் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் சொல்வார்: "தம்பி, கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. பென்சிலை நல்லா சீவு." எல்லைக்கோடு தடித்துப் போனால் அந்தத் தடிமனுக்குள் ஒருத்தன் வீட்டுத் திண்ணையே காணாமல் போய்விடும். பெர்லினில் அந்தக் கோட்டுக்கு அகலம் கொடுத்துவிட்டார்கள். மேற்கு பெர்லினைச் சுற்றி மொத்தம் சுமார் 155 கிலோமீட்டர், அதில் இரண்டு பெர்லின்களுக்கும் நடுவே மட்டும் 43. அந்தத் தடிமனுக்குள் தெருக்கள் போயின, வீடுகள் போயின. சோஃபியன் இடுகாட்டின் ஒரு பகுதியும் போனது, கல்லறைகளோடு.

ஒரு தேவாலயமும் மாட்டிக்கொண்டது. பெயர் சமரசத் தேவாலயம். 1894ல் கட்டியது. இரண்டு சுவருக்கும் நடுவே ஆள் போக முடியாமல் இருபத்து மூன்று வருடம் சும்மா நின்றது. 1985 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இன்னும் ஐந்தே வருடம் பொறுத்திருக்கலாம். அந்த இடத்தில் 2000ல் ஒரு சின்ன ஜெபக்கூடம் எழுப்பியிருக்கிறார்கள். நீள்வட்டம். வெளியே மரச் சட்டங்கள், உள்ளே சுவர் முழுக்க மண். நம் ஊரில் குழைத்து வைப்போமே அப்படி இல்லை. ஈர மண்ணைக் கொட்டிக் கொட்டி இடித்து இறுக்கியது. அடுக்கடுக்காக வரி தெரிகிறது. கிட்டத்தில் முகத்தை வைத்துப் பார்த்தால் மண்ணுக்குள் செங்கல் சில்லுகள், அங்கங்கே ஒரு கண்ணாடித் துணுக்கு. எல்லாம் பழைய தேவாலயத்தின் உடைசல். விரலால் ஒரு சில்லைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. காவலுக்கு இருந்த அம்மாள் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெபக்கூடத்தைச் சுற்றிலும் பயிர் வைத்திருக்கிறார்கள். ரை என்கிற தானியம், கோதுமைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. இப்போது இடுப்புக்கு மேல் வளர்ந்து, பாதி பச்சை பாதி மஞ்சளாகக் காற்றில் சாய்ந்து கொண்டிருக்கிறது. நகரத்தின் நடுவில், டிராம் போகிற சத்தத்தில், ஒரு வயல். புல் முளைத்தால்கூட மருந்தடித்துக் கொன்ற மணல் இது. ஓடுகிறவன் கால் தடம் தெரிய வேண்டும் என்பதற்காக. மனைவி வரப்பே இல்லாத அந்த வயலின் ஓரத்தில் குந்தி ஒரு கதிரைக் கசக்கிப் பார்த்து, "இன்னும் பால் கட்டலை" என்று தீர்ப்புச் சொன்னாள்.

புதன்

மகள் தினமும் ஆபீஸ் போகும் சுரங்க ரயிலில் இன்று நாங்களும் ஏறினோம். எட்டாம் எண் தடம். அவள் ஏறுவது ஃபோல்ட்டா தெரு நிலையத்தில். "இப்ப எண்ணுங்கப்பா" என்றாள். பெர்னவர் தெரு, ரோசன்தாலர் பிளாட்ஸ், வைன்மைஸ்டர் தெரு, அலெக்சாண்டர் பிளாட்ஸ், யனோவிட்ஸ் பாலம், ஹைன்ரிக் ஹைனே தெரு. ஆறு. அடுத்தது மோரிட்ஸ் பிளாட்ஸ்.

ஃபோல்ட்டா தெருவும் மோரிட்ஸ் பிளாட்ஸும் மேற்கு. நடுவில் இருக்கும் ஆறும் கிழக்கு பெர்லினுக்கு அடியில். தடம் மேற்குக்காரர்களுடையது என்பதால் ரயில் ஓடத்தான் செய்தது. இந்த ஆறிலும் நிற்காது. மேற்கின் கடைசி நிலையம் என்று அறிவிப்பு வரும், அப்புறம் ரயில் வேகத்தைக் குறைத்து, மங்கிய விளக்கில் ஆளில்லாத நடைமேடைகளை ஒவ்வொன்றாகத் தாண்டும். துப்பாக்கியோடு காவலர் நிழல் தெரியும். பேய் நிலையங்கள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கிழக்குக்கு மேற்கு அதற்கு வருடா வருடம் பணமும் கட்டியது. பகை வேறு, பில் வேறு.

நார்ட்பான்ஹோஃப் ரயில் நிலையமும் அப்படி மூடிக் கிடந்ததுதான். அங்கே சுரங்க வழியிலேயே கண்காட்சி வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. என்னை நிறுத்தியது வரைபடங்கள். மேற்கின் ரயில் வரைபடத்தில் இந்த நிலையங்கள் இருக்கும், நிற்காது என்ற குறிப்போடு. கிழக்கின் வரைபடத்திலோ மேற்குக்காரரின் அந்தத் தடங்களே இருக்காது. தரைக்குக் கீழே ரயில் ஓடுவது காலில் அதிர்வாகத் தெரியும், படத்தில் தெரியாது. வரைபடம் போடுகிறவன் பொய் சொல்வதற்குத் தப்பாக எதையும் எழுத வேண்டியதில்லை. விட்டுவிட்டாலே போதும்.

மோரிட்ஸ் பிளாட்ஸ் வரை போய்த் திரும்பினோம். ரோசன்தாலர் பிளாட்ஸில் ஆரஞ்சு ஓடு பதித்த சுவர், காபி டம்ளரோடு ஓடும் இளசுகள். இங்கே இருபத்தெட்டு வருடம் யாரும் ஏறவில்லை இறங்கவில்லை என்பதை என் மூளை ஏற்றுக்கொள்கிறது, கண் ஏற்றுக்கொள்ளவில்லை.

மதியம் ஃபிரீட்ரிக் தெரு நிலையம். ஒரு பக்கம் கிழக்கு ரயில்கள், இன்னொரு பக்கம் மேற்கு ரயில்கள், நடுவே இரும்புத் தடுப்பு என்று ஒரே கூரைக்குள் பிரிந்து கிடந்த நிலையம் இது. பக்கத்தில் கண்ணாடியும் இரும்புமாக ஒரு அழகான கூடம். 1962ல் கட்டியது. மேற்கே போகிறவர்கள் வழியனுப்ப வந்தவர்களிடம் விடைபெற்ற இடம். ஜனங்கள் வைத்த பெயர் கண்ணீர் மாளிகை. இப்போது அருங்காட்சியகம்.

உள்ளே பழைய கடவுச்சீட்டுச் சாவடி ஒன்று அப்படியே இருக்கிறது. ஒரு ஆள் நிற்கும் அகலம்தான். அதிகாரி உயரத்தில் உட்கார்ந்திருப்பார். தலைக்குப் பின்னால் மேலே சாய்த்து வைத்த கண்ணாடி, நம் முதுகில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்க. நான் உள்ளே நின்று பார்த்தேன். என் தோள் இரண்டு பக்கமும் உரசியது. வெளியே வந்ததும் படித்த ஒரு குறிப்பு: சுவர் வந்த பிறகு முதலில் மேற்கே போய்வர விடப்பட்டவர்கள் ஓய்வூதியக்காரர்கள், 1964 கடைசியிலிருந்து. காரணம் சுலபம். போனவர் திரும்பாவிட்டால் அரசாங்கத்துக்குப் பென்ஷன் மிச்சம். நம் கருவூலத்துக்கு இந்த யோசனை எட்டாமல் இருக்க வேண்டும்.

வியாழன்

மழை. முழங்கால் வீங்கிவிட்டது. கொஞ்சம்தான் எழுதுகிறேன்.

செக்பாயின்ட் சார்லி போனோம். போயிருக்க வேண்டாம். 1961 அக்டோபரில் அமெரிக்க டாங்கிகளும் சோவியத் டாங்கிகளும் நேருக்கு நேர் நின்ற நாற்சந்தி. இப்போது நடுத்தெருவில் ஒரு நகல் சாவடி, நகல் மணல் மூட்டைகள், சுற்றிலும் பர்கர் வாசனை. தொப்பி விற்கிறார்கள். சுவரின் துண்டு என்று பிளாஸ்டிக் டப்பாவில் கான்கிரீட் சில்லும் விற்கிறார்கள், ஒரு பக்கம் வர்ணம் பளிச்சென்று. விற்ற சில்லுகளையெல்லாம் சேர்த்தால் இரண்டு சுவர் கட்டலாம் என்று நினைக்கிறேன்.

கூட்டத்தை விட்டு ட்சிமர் தெருவில் கொஞ்சம் நடந்தால் நடைபாதையில் ஒரு தூண். பீட்டர் ஃபெக்டர், 18 வயது, கட்டட வேலை செய்த பையன். 1962 ஆகஸ்ட் 17 அன்று சுவர் ஏறும்போது சுட்டார்கள். கிழக்குப் பக்கம் விழுந்து சுமார் ஒரு மணி நேரம் ரத்தம் போகக் கிடந்தான், இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் கிட்டே போகவில்லை. தூணுக்கு அருகில் நாங்கள் நின்ற நேரத்தில் வேறு யாரும் வரவில்லை. தெருவில் சுவர் ஓடிய வழியை இரட்டை வரிசைக் கருங்கல்லால் பதித்திருக்கிறார்கள். நகர மையத்தில் பல இடத்திலும் இப்படித்தான். கார் நிறுத்துமிடத்துக்குள் நுழைந்து, புல்வெளியில் மறைந்து, ஒரு கட்டடத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வருகிறது. அளவைக்காரன் மனதுக்கு இது இதமாக இருந்தது. உரிமை போனாலும் எல்லைக் கல்லைப் பிடுங்கவில்லை.

வீட்டு வாசலுக்குத் திரும்பியபோது இன்னொரு கல் கண்ணில் பட்டது, மூன்று நாளாக மிதித்துத் தாண்டியிருக்கிறேன் போல. பத்து சென்டிமீட்டர் சதுரம், மேலே பித்தளைத் தகடு. மூன்று கல் பக்கத்துப் பக்கத்தில். மழையில் நனைந்து மின்னின. "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி, பெயர், பிறந்த வருடம், நாடு கடத்திய தேதி, கொல்லப்பட்ட இடம். நாஜிகள் இழுத்துப் போன ஆட்களின் கடைசி வீட்டு வாசலில் குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிவைத்த வேலை, இப்போது ஐரோப்பா முழுக்க லட்சத்துக்கு மேல் ஆகிவிட்டது. சுவருக்கும் முந்திய கணக்கு. படிக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். எனக்குக் குனிய முடியவில்லை, மகள் படித்துச் சொன்னாள். மூன்றும் ஒரே குடும்பப் பெயர். கடைசிக் கல்லில் இருந்த குழந்தைக்கு வயது ஆறு.

வெள்ளி

இன்று எனக்குத் தீபாவளி. இரண்டு புறம்போக்கு நிலம் பார்த்தேன்.

முதலாவது போட்ஸ்டாமர் பிளாட்ஸ் பக்கத்தில் லென்னே முக்கோணம். சட்டப்படி கிழக்கின் நிலம், சுமார் 4 ஹெக்டேர், நம் கணக்கில் பத்து ஏக்கர். எல்லை இங்கே கூர்மையாக மடங்குவதால் கிழக்குக்காரர்கள் சுவரை நேராக இழுத்துக் கட்டி, முக்கோணத்தை வெளியே விட்டுவிட்டார்கள். ஆகவே மேற்குப் பக்கம் கிடந்த கிழக்கு நிலம். காடு மண்டியது. 1988ல் இரண்டு தரப்பும் பேசி அதை மேற்குக்கு மாற்றிக்கொடுக்க ஒப்புக்கொண்டன, ஜூலை 1 முதல். அங்கே சாலை வரப்போகிறது என்று எதிர்த்தவர்கள் மே மாதக் கடைசியிலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கைமாறும் வரை மேற்குப் போலீஸ் உள்ளே கால் வைக்க முடியாது. ஜூலை 1 விடியற்காலை போலீஸ் புகுந்தது. சுமார் இருநூறு பேர் ஏணி போட்டுச் சுவரேறிக் கிழக்கே குதித்தார்கள்! அந்தப் பக்கக் காவலர்கள் லாரியில் ஏற்றிப் போய் காலைச் சாப்பாடு கொடுத்து, வழக்கமான வாசல் வழியாகத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது அங்கே உயர உயரமான கட்டடங்கள். பெயர்ப்பலகை தவிர முக்கோணத்தைக் காட்ட எதுவும் மிச்சமில்லை.

இரண்டாவது இன்னும் சுவையானது. குரொய்ட்ஸ்பெர்க்கில் புனித தோமா தேவாலயத்துக்குப் பின்னால், இதேபோல் சுவர் வெளியே விட்டுவிட்ட ஒரு சின்ன முக்கோணம். குப்பை கொட்டிக் கிடந்தது. துருக்கியிலிருந்து வேலைக்கு வந்து ஓய்வு பெற்ற உஸ்மான் கலின் என்பவர் 1980களின் தொடக்கத்தில் அதைத் துப்புரவாக்கி வெங்காயமும் பூண்டும் போட்டார். அப்புறம் கிடைத்த பலகை, தகரம், பழைய கட்டில் சட்டம் எல்லாவற்றையும் வைத்து ஒரு குடில். மேற்கு அதிகாரிகள் காலி செய்யச் சொல்ல முடியாது, நிலம் அவர்களுடையது இல்லை. கிழக்குக் காவலர்கள் சுவரின் கதவைத் திறந்து வந்து விசாரித்துவிட்டு, சரி இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டார்கள். நம் ஊரில் ஆக்கிரமிப்புக்குப் பி மெமோ கொடுப்போம். இங்கே இரண்டு அரசாங்கம் இருந்தும் மெமோ கொடுக்க ஆளில்லை. சுவர் போன பிறகும் அவர் போகவில்லை. 2018ல் இறந்தார். குடில் இரண்டு மாடியாக, மரத்தை அணைத்துக்கொண்டு இன்னும் நிற்கிறது. வேலிக்கு வெளியே நின்று கண்ணாலேயே அளந்தேன். ஒன்றரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம், இரண்டு கிரவுண்டு வராது என்றேன். மனைவி, "ரிட்டயர் ஆயிட்டீங்க" என்று ஞாபகப்படுத்தினாள்.

அங்கிருந்து ஷ்பிரே ஆற்றங்கரை. எதிர்க்கரையில் ஓவியம் தீட்டிய 1.3 கிலோமீட்டர்ச் சுவர் இருக்கிறது, உலகமே படம் பிடிக்கிறது, நாங்களும் பிடித்தோம். நான் பார்க்க வந்தது இந்தக் கரையை. ஆறு எல்லையானால் பொதுவாக நடுவில் கோடு போடுவோம். இங்கே ஆற்றின் முழு அகலமும் கிழக்கு. மேற்குக்குக் கரைக் கல் மட்டும். அந்தக் கரையில் விளையாடிய குழந்தைகள் தண்ணீரில் விழுந்தால் மேற்குத் தீயணைப்புக்காரர்கள் இறங்க முடியாது, இறங்கினால் சுடலாம். 1975 வரை ஐந்து குழந்தைகள் இப்படி முங்கிப் போயின. ஐந்தாவது, ஒரு துருக்கியக் குடும்பத்துப் பையன்; பந்தை எடுக்கப் போனவனுக்கு அன்றுதான் ஐந்தாவது பிறந்தநாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, குழந்தை விழுந்தால் யார் இறங்குவது என்று ஒப்பந்தம் எழுதினார்கள். நாங்கள் போனபோது கரையில் இளைஞர்கள் காலைத் தொங்கப்போட்டு பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி ஓரத்துக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று சாயங்காலம் பிரிட்ஸ் பகுதியில் இருக்கும் முருகன் கோயிலுக்கு மகள் அழைத்துப் போனாள். இலங்கைத் தமிழர்கள் கட்டியது. பூஜை முடிந்து விபூதியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒருவர், என் வயதுதான் இருக்கும், "நீங்கள் இந்தியாவோ?" என்று ஆரம்பித்தார். சுவர் பார்க்கத் திரிகிறேன் என்றேன். சிரித்தார்.

"மதிலோ? ஐயா, நாங்கள் எல்லாம் அதுக்குள்ளாலைதானே வந்தனாங்கள்."

83 கலவரத்துக்கு அடுத்த வருடம் கிளம்பியிருக்கிறார். கொழும்பு, மாஸ்கோ, கிழக்கு பெர்லினின் ஷேனஃபெல்ட் விமான நிலையம். அங்கிருந்து ரயிலில் ஃபிரீட்ரிக் தெரு. கிழக்குக்காரர்களுக்கு இவர்கள் வழிப்போக்கர்கள், முத்திரை குத்தி விட்டுவிடுவார்கள். மேற்கிலோ அந்த வாசலில் கடவுச்சீட்டு பார்க்க ஆளே கிடையாது. பார்த்தால் அதை நாட்டு எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பெர்லின் ஒரே நகரம் என்பதுதான் மேற்கின் நிலை. அந்தச் சட்ட நுணுக்கத்தின் இடுக்கு வழியாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தார்கள். 1985ல் மேற்கு ஜெர்மனி கேட்டுக்கொண்டபடி, விசா இல்லாத இலங்கையரைக் கடத்திவிடுவதைக் கிழக்கு நிறுத்தியது.

"பயமா இல்லையா?" என்றேன்.

"பயமோ? ஒரு சின்ன அறை. அவன் மேலை இருந்து பாத்தான், குத்தினான், கதவு திறந்தது. படியேறினா றெயின். சனம் இதுக்காகச் செத்ததெண்டு அப்ப எங்களுக்கு ஆர் சொன்னது? றெயின் வெளிக்கிட்டுக் கொஞ்சத்திலை கீழை ஒரு தண்ணி தெரிஞ்சுது. குளமெண்டு நினைச்சன். எங்கடை ஊர்க் குளம் மாதிரி. அடுத்த ஸ்ரேசனிலை இறங்கெண்டு சொன்னவங்கள், இறங்கிட்டன்."

தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

சனி

காலையில் எழுந்ததும் மகளின் வரைபடத்தில் அந்தத் தண்ணீரைத் தேடினேன். ஃபிரீட்ரிக் தெருவிலிருந்து மேற்கே போகும் ரயில், அடுத்த நிலையத்துக்குச் சற்று முன்னால் ஒரு மேம்பாலத்தில் ஏறி ஒரு நீர்த்தேக்கத்தைக் கடக்கிறது. ஹும்போல்ட் துறை. பெயரைப் பார்த்ததும் எங்கேயோ படித்தோமே என்று தோன்றியது. குறிப்புகளைப் புரட்டினேன்.

குன்ட்டர் லிட்ஃபின், 24 வயது, தையல்காரர். கிழக்கில் வீடு, மேற்கில் வேலை. மேற்கிலேயே குடியேறுவதற்கு அறையும் பார்த்து வைத்திருந்தார். அதற்குள் முள்கம்பி வந்துவிட்டது. பதினொரு நாள் கழித்து, 1961 ஆகஸ்ட் 24 மாலை, இந்தத் துறையில் குதித்து நீந்தினார். கரையை நெருங்கும்போது சுட்டார்கள். சுவரைத் தாண்டும்போது சுடப்பட்டு இறந்த முதல் ஆள். குறைந்தது 140 பேர் என்கிற கணக்கில் இடா சீக்மனுக்கு அடுத்த பெயர்.

மதியம் மூன்று பேருமாகப் போய் அந்த ரயிலில் ஏறினோம். சனிக்கிழமைக் கூட்டம். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டேன், மனைவி ஜன்னலோரம். ரயில் நகர்ந்ததும் ஆறு, பிறகு ஆஸ்பத்திரிக் கட்டடங்களின் முதுகு, பிறகு சட்டென்று இடப்பக்கமும் வலப்பக்கமும் வெட்டவெளி. கீழே தண்ணீர். கரையெல்லாம் புதுக் கட்டடங்களின் கண்ணாடி, அதன் பிம்பம் தண்ணீரில் உடைந்து உடைந்து ஆடியது. சுற்றுலாப் படகு ஒன்று போயிற்று.

"குளம் மாதிரிதான் இருக்கு" என்றாள் மனைவி.

அவ்வளவுதான், கூரை வந்து மூடிவிட்டது. மத்திய ரயில் நிலையம். அப்போது இங்கே லேர்ட்டர் என்று ஒரு சின்ன நிலையம் இருந்ததாம், அவர் இறங்கியது அதில்தான் இருக்க வேண்டும். கடிகாரத்தில் இரண்டரை நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டியும் பையுமாக ஜனங்கள் எங்களை இடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"இன்னொரு தடவை பாக்கலாமாப்பா?" என்றாள் மகள். எதிர் நடைமேடையில் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஏறி, இந்த முறை வலப்பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தோம்.